எந்த வரியில இருக்கு?

2019 ஆகஸ்டில் நியூ ஜெர்சியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். பெரியம்மா மகள், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். "நீ ஜிஆர்இ எழுதினவன்தானேடா, பாப்பாவுக்குக் கொஞ்சம் ரீடிங் சொல்லிக்குடு. மேத்ஸை அவளே பாத்துக்குவா" என்றாள். நான் ஜிஆர்இ எழுதியது 2010இல், இன்ஜினியரிங் கடைசி வருடம். தலையணை தடிமனில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஆங்கில வார்த்தைகளை உருப்போட்டேன். அவற்றில் பாதியை இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் சந்தித்ததில்லை. அதற்குள் வேலை கிடைத்துவிட்டதால் அமெரிக்காவும் போகவில்லை. ஆனால் குடும்பத்தில் 'இலக்கியம் படிக்கிறவன்' என்று ஒரு பெயர் இருந்தது. கல்யாண வீடுகளில் கேலிக்குப் பயன்படும் பெயர் அது. முதல்முறையாக ஒரு வேலைக்குப் பயன்பட்டது.

சனிக்கிழமை மாலை ஏழரைக்கு நான் சென்னையில் லேப்டாப்பைத் திறந்தால் அங்கே காலை பத்து மணி. பாப்பாவுக்கு அப்போது பதினாறு வயது. தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவள் எழுத வேண்டியிருந்தது எஸ்ஏடி, அமெரிக்கக் கல்லூரிகளில் சேருவதற்கான தேர்வு. அதில் பாதி மதிப்பெண் கொண்ட பிரிவுக்கு அப்போது வைத்திருந்த பெயரைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் மரியாதையும் ஒரே நேரத்தில் வந்தன. 'சான்றை அடிப்படையாகக் கொண்ட வாசிப்பும் எழுத்தும்'. ஒரு விமர்சனப் பள்ளியின் பெயர் மாதிரி இருக்கிறது அல்லவா?

உண்மையில் அது ஒரு விமர்சனப் பள்ளியின் பேரப்பிள்ளைதான். இந்தக் கட்டுரையில் எஸ்ஏடியை ஒரு தேர்வாக அல்ல, ஒரு வாசிப்புக் கோட்பாடாக எடுத்துக்கொண்டு பேச நினைக்கிறேன். ஒவ்வொரு வருடமும் லட்சக்கணக்கான பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் 'படிப்பது என்றால் இதுதான்' என்று சொல்லும் ஒரு பிரதியை எந்த இலக்கிய விமர்சகரும் அப்படியே விட்டுவிடக் கூடாது.

*

முதலில் அந்தக் கேள்வியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 2016 மார்ச்சில் எஸ்ஏடி புது வடிவத்துக்கு வந்தது. ரீடிங் தேர்வில் ஐந்து உரைப்பகுதிகள், ஒவ்வொன்றும் ஐந்நூறிலிருந்து எழுநூற்றைம்பது சொற்கள். மொத்தம் 52 கேள்விகள், 65 நிமிடங்கள். ஒரு பகுதி கதை. ஒன்று அமெரிக்க வரலாற்று ஆவணம் அல்லது சுதந்திரம், உரிமை பற்றிய உலக விவாதத்தைச் சேர்ந்த ஒரு பழைய உரை. மற்றவை சமூக அறிவியலும் அறிவியலும். ஒரு பகுதிக்குச் சுமார் இரண்டு என்ற கணக்கில் இரட்டைக் கேள்விகள் வரும். முதல் கேள்வி, 'இந்தப் பாத்திரம் இவரிடம் எப்படி நடந்துகொள்கிறது?' என்பது போலக் கேட்கும். அடுத்த கேள்வி, 'மேலே நீ சொன்ன விடைக்குச் சிறந்த சான்று எந்த வரிகளில் இருக்கிறது?' என்று கேட்டு நான்கு இடங்களைச் சுட்டும்.

முதன்முதலாக அந்த இரட்டைக் கேள்வியைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நாங்கள் பள்ளியில் எழுதியது 'இடம் சுட்டிப் பொருள் விளக்குக'. அங்கே வரியை அவர்களே கொடுத்துவிடுவார்கள். அது எந்தச் செய்யுளில், யார் யாரிடம் சொன்னது என்று எழுத வேண்டும். இடம், பொருள், விளக்கம் மூன்றும் நோட்ஸிலிருந்து அச்சுப் பிசகாமல் இறங்கும். எனக்கு அந்த வரியைப் பற்றி என்ன தோன்றியது, ஏன் தோன்றியது என்று பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. இங்கேயோ முன்பின் பார்த்திராத ஒரு பகுதியைக் கொடுத்து, உன் கருத்து எது, எந்த வரியால் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்கிறார்கள். வாசிப்பில் இதைவிட நியாயமான கேள்வி உண்டா?

இந்த மாற்றத்தின் பின்னால் இருந்தவர் டேவிட் கோல்மன். அமெரிக்காவின் பொதுப் பாடத்திட்டத் தரங்களில் ஆங்கிலப் பகுதியை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர். 2012இல் எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டின் தலைவரானார். அதற்கு முந்தைய வருடம் கல்வியாளர்கள் கூட்டம் ஒன்றில், வளர்ந்து வெளியே போனால் நீ என்ன உணர்கிறாய், என்ன நினைக்கிறாய் என்பதைப் பற்றி உலகத்துக்கு ஒரு இழவும் அக்கறை இல்லை என்கிற பொருளில், இங்கே அச்சிட முடியாத ஒரு சொல்லையும் சேர்த்துப் பேசினார். பள்ளிகளில் சொந்த அனுபவத்தை எழுதச் சொல்வதே அதிகமாகிவிட்டது என்பது அவர் புகார். முரட்டுத்தனமான பேச்சுதான். ஆனால் நம் இணைய இதழ்களில் வரும் நூல் மதிப்புரைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அந்த எரிச்சல் அந்நியமாக இருக்காது. 'என்னை உலுக்கிவிட்டது', 'மூன்று நாட்கள் தூங்கவில்லை', 'இதிலிருந்து மீள முடியவில்லை'. சரி, எந்தப் பக்கத்தில் உலுக்கியது?

*

இந்த எரிச்சலுக்கு நீண்ட வம்சாவளி உண்டு. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் மாணவர்களிடம் கவிஞர் பெயரில்லாமல் கவிதைகளைக் கொடுத்து எழுதி வாங்கினார். அந்தப் பதில்களை அலசி 1929இல் ஒரு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தின் மிக நல்ல கல்வி பெற்ற பிள்ளைகள் கவிதையின் நேரடிப் பொருளையே கோட்டைவிட்டிருந்தார்கள். தங்கள் பழைய நினைவுகளை, நம்பிக்கைகளை, பழக்கமான உணர்ச்சிகளைக் கவிதையின் மேல் கொட்டிவிட்டு அதையே கவிதை என்றார்கள். அமெரிக்கப் புதுத் திறனாய்வாளர்கள் இதை இன்னும் இறுக்கினார்கள். ஆசிரியரின் நோக்கத்தைப் பேசாதே, வாசகனின் உணர்ச்சியைப் பேசாதே, பிரதியை மட்டும் பேசு. தமிழுக்கும் இது வந்தது. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா அலசல் விமர்சனம் என்றார். க. நா. சு. அதை ஏற்கவில்லை. நிறையப் படித்துத் தேர்ந்த ரசனை தீர்ப்பு சொன்னால் போதும் என்ற பக்கம் நின்றார். நாம் இன்றைக்கும் டீக்கடையில் போடும் சண்டை இதே சண்டைதான், பெயர்கள் மட்டும் மாறியிருக்கின்றன.

நான் மனதளவில் செல்லப்பா கட்சி. தொழிலும் ஒரு காரணமாக இருக்கலாம். நள்ளிரவில் சர்வர் விழுந்தால், 'டேட்டாபேஸ்தான் பிரச்சினைன்னு தோணுது' என்று சொல்பவனிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, 'லாக்ல எந்த வரி?' என்பது. தோன்றுவதைத் தவறென்று சொல்ல மாட்டோம். பல நேரம் தோன்றுவதுதான் சரியாகவும் இருக்கும். ஆனால் வரியைக் காட்டும்வரை யாரும் எதையும் தொட மாட்டார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன்.

*

காலேஜ் போர்டு வெளியிட்ட முதல் மாதிரித் தேர்வின் முதல் பகுதி, லிடியா மினடோயா 1999இல் வெளியிட்ட 'தி ஸ்ட்ரேஞ்ச்னெஸ் ஆஃப் பியூட்டி' நாவலிலிருந்து எடுத்தது. 1920, ஜப்பான். அகிரா என்ற இளைஞன் ஒரு குளிர்கால மாலையில் நேரே சியே என்ற பெண்மணியின் வீட்டுக்கு வந்து அவள் மகள் நவோமியைத் தனக்குக் கட்டித்தரச் சொல்லிக் கேட்கிறான். தரகர் வழியாக வரவில்லை, பெற்றோர் வழியாகவும் வரவில்லை. அதுவே மரியாதைக் குறைவு. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை மன்னிப்புக் கேட்கிறான். நீங்கள் சம்மதித்தால் உங்கள் குடும்பத்துப் பிள்ளையாகி இந்த வீட்டிலேயே இருப்பேன், சம்மதிக்காவிட்டால் அமெரிக்கா போய் அங்கே என் மனைவிக்கு வீடு தேட வேண்டியிருக்கும் என்கிறான்.

கேள்வி: அகிரா சியேயிடம் எப்படிப் பேசுகிறான்? நான்கு விடைகளில் சரியானது, மரியாதை இருக்கிறது ஆனால் முழுப் பணிவு இல்லை என்பது. 

பாப்பா விடைகளைப் பார்க்காமலே சொன்னாள். "மாமா, ஹி இஸ் த்ரெட்டனிங் ஹர். பொலைட்டா மிரட்டறான்."

நான் சிரித்துவிட்டேன். "ஏன்?"

"வீட்டோட மாப்பிள்ளையா வரேங்கறான். இல்லன்னா உன் பொண்ண அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேங்கறான். பாட்டிகிட்ட அப்பா இதையேதானே சொன்னாராம்!"

அக்கா கல்யாணத்தின் கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரியம்மா வீட்டுக்கு நேரே வந்து பெண் கேட்டவர் அத்தான். மறுத்தால் விசா வந்ததும் கிளம்பிவிடுவோம் என்பதைச் சொல்லாமல் சொன்னவர். சம்மதம் கிடைத்தது. பிறகு விசாவும் கிடைத்தது. எழுநூறு சொற்களுக்குள் மறைந்திருந்த அந்தக் கத்தியை ஒரு நொடியில் பார்த்துவிட்டாள் பாப்பா. ரிச்சர்ட்ஸ் பார்த்திருந்தால், சொந்த நினைவைப் பிரதியில் கொட்டுகிறாள் என்று சிவப்பு மையால் கோடு போட்டிருப்பார். ஆனால் அவள் வரியையும் காட்டினாள். சம்மதித்தால் இது, இல்லாவிட்டால் அது என்று அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வாக்கியங்கள். தோன்றியது அவள் வாழ்க்கையிலிருந்து வந்தது. சான்றோ பிரதியிலேயே இருந்தது. நல்ல விமர்சனம் என்று நான் நம்புவது இதைத்தான்.

அந்த இடத்தில் நான் சொன்னதை இன்னமும் மறக்க முடியவில்லை. "சரிதான் பாப்பா. ஆனா 'மிரட்டல்' சாய்ஸ்லயே இல்லையே."

அதன்பின் கோச்சிங்கில் எல்லோரும் சொல்லித்தரும் வித்தையை நானும் சொல்லிக்கொடுத்தேன். இரட்டைக் கேள்வி வந்தால் முதல் கேள்வியைப் படி, ஆனால் விடை தேடாதே. நேரே இரண்டாவது கேள்விக்குப் போ. அதில் நான்கு இடங்கள் கொடுத்திருக்கிறான் அல்லவா, அந்த நான்கை மட்டும் படி. எந்த வரி முதல் கேள்வியின் ஏதாவது ஒரு விடையோடு பொருந்துகிறதோ அந்த ஜோடியைக் குறித்துவிடு. பொருந்தாத வரி தானாகக் கழன்றுவிடும். 52 கேள்விக்கு 65 நிமிடம், அதாவது ஒரு கேள்விக்கு எழுபத்தைந்து நொடி. அதில் இதுதான் நடக்கும்.

வித்தை பலித்தது. மூன்றாவது வாரத்திலேயே இரட்டைக் கேள்விகளில் தப்பு குறைந்தது. அவள் கேட்டதுதான் பலிக்காமல் போனது. "அப்போ நான் படிச்சது எதுக்கு மாமா?"

*

இந்தத் தேர்வின் மேல் நான் வைக்கும் முதல் குற்றச்சாட்டு இது. அது கேட்கும் கேள்வி நல்ல கேள்வி. கேட்கும் விதம் அந்தக் கேள்வியைக் கொன்றுவிடுகிறது. சான்று என்பது வாசகன் தேடிக் கண்டடைவது. நாலு பேரை வரிசையாக நிற்க வைத்து இதில் திருடன் யார் என்று கேட்பது அடையாள அணிவகுப்பு. துப்பறிவது என்பது வேறு வேலை. ஊரெல்லாம் அலைந்து ஆளைப் பிடிக்க வேண்டும். அணிவகுப்பில் சரியாகக் கைகாட்டும் திறமையைத் துப்பறியும் திறமை என்று சான்றிதழ் கொடுத்தால் சிரிக்க மாட்டோமா?

இயந்திரம் திருத்த வேண்டும், லட்சக்கணக்கான தாள்கள், எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும், வேறு வழியில்லை என்பார்கள். புரிகிறது. நானும் அளவிடும் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன்தான். எதை எளிதாக அளக்க முடியுமோ அதுவே கடைசியில் இலக்காகிவிடும் என்பதைத் தினமும் அலுவலகத்தில் பார்க்கிறேன்.

இரண்டாவது, முன்னறிவு பற்றியது. விடை முழுக்கப் பிரதிக்குள்ளேயே இருக்கிறது, வெளியறிவு தேவையில்லை என்பது இந்தத் தேர்வு தரும் வாக்குறுதி. கோல்மன் தரப்புக்காரர்கள் பள்ளிகளுக்குக் கொடுத்த மாதிரிப் பாடங்களில் ஒன்று லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை. சுமார் 270 சொற்கள். உள்நாட்டுப் போர் பற்றி முன்கூட்டியே எதுவும் சொல்லாமல் மாணவர்களைப் பிரதிக்குள் இறக்கிவிட வேண்டும் என்றது அந்தப் பாடம். எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்கலாம் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் ஓட்டக்களம் அப்படி இல்லை.

1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் நடுநிலைப்பள்ளி மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். மாதிரி மைதானம் ஒன்றில் மரப் பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கக்கூடிய, ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிடத் தெளிவாகச் செய்தார்கள். 'வாசிப்புத் திறன்' என்று தனியாகப் பெட்டியில் வைத்த ஒன்று அங்கே ஆட்டத்தைப் பற்றிய அறிவிடம் தோற்றுப்போனது. அதே மாதிரித் தேர்வில் வாட்சனும் கிரிக்கும் 1953இல் எழுதிய டிஎன்ஏ கட்டுரையின் பகுதி ஒன்று இருக்கிறது. எல்லா விடையும் பிரதியில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பயாலஜி வகுப்பில் அந்த முறுக்கேணியை ஒருமுறை பார்த்த பிள்ளை அதைப் பத்து நிமிடத்தில் முடிக்கும். பார்க்காத பிள்ளை அடினின், தைமின் என்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்துவிடும். அகிரா பகுதியிலும் இதுவே. நேரே வந்து பெண் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாப்பாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் வகுப்பில் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு அது அடிக்குறிப்பில் வந்த ஒரு தகவல். ஒரேயொரு பகுதியில் எங்கள் பிள்ளைக்கு லாபம் கிடைத்தது. வர்ஜீனியா வுல்ஃப் பகுதியில் கூட்டிக் கழித்தால் நஷ்டம்.

இந்தத் தேர்வின் மூல புருஷர் கார்ல் பிரிகாம். 1923இல் இன்ன இனம் உயர்ந்தது, இன்ன இனம் தாழ்ந்தது என்று அறிவுத்திறன் சோதனைகளை வைத்துப் புத்தகம் எழுதியவர். அவர் தலைமையில்தான் 1926இல் முதல் எஸ்ஏடி நடந்தது. 1930இல் அவரே தன் புத்தகத்தின் அடித்தளம் தவறு என்று வெளிப்படையாக எழுதினார். தான் காட்டிய சான்று சான்றே அல்ல என்று ஒப்புக்கொண்ட அந்த மனிதர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. புத்தகம் அதற்குள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்திருந்தது, அது வேறு கதை.

*

2024இல் அக்கா மறுபடி கூப்பிட்டாள். இப்போது தம்பிக்காரன். தேர்வு மாறிவிட்டிருந்தது. தாளும் பென்சிலும் போய் லேப்டாப்பில் புளூபுக் என்ற செயலி. திரையின் உச்சியில் இறங்குமுகமாக ஓடும் கடிகாரம். நீண்ட பகுதிகளைக் காணவில்லை. இருபத்தைந்திலிருந்து நூற்றைம்பது சொற்களில் ஒரு துண்டு, அதற்கு ஒரே ஒரு கேள்வி. இப்படி 27 கேள்விகள் கொண்ட இரண்டு கட்டங்கள், கட்டத்துக்கு 32 நிமிடம். முதல் கட்டத்தில் நீ எப்படிச் செய்கிறாயோ அதற்கேற்ப இரண்டாவது கட்டம் எளிதாகவோ கடினமாகவோ வரும். பிரிவின் பெயரிலிருந்து 'சான்று' என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். இனி வெறும் 'வாசிப்பும் எழுத்தும்'.

பெயரில்தான் இல்லையே தவிர, சான்றுக் கேள்விகள் இருக்கின்றன. சில உண்மையிலேயே மேம்பட்டவை. ஆய்வாளர் ஒருவரின் ஊகத்தைச் சொல்லி, எந்தக் கண்டுபிடிப்பு இதைப் பலவீனப்படுத்தும் என்று கேட்கிறார்கள். பழைய தேர்வில் பெரும்பாலும் ஆதரிக்கும் வரியைத்தான் கேட்டார்கள். எனக்கு எதிரான வரி எது என்று கேட்பது வாசகனாக வளர்வதற்கான முதல் படி. லாக் பார்ப்பவர்களுக்கும் இது தெரியும். நம் ஊகத்துக்குத் தோதான வரி எப்போதும் ஒன்று கிடைத்துவிடும். இடிக்கிற வரியை எவன் தேடிப் போகிறானோ அவன்தான் பிழையைக் கண்டுபிடிப்பான்.

இலக்கியக் கேள்விதான் என்னை உட்கார வைத்துவிட்டது. இப்படி வரும்: இன்ன வருடம் வெளிவந்த இன்ன நாவலில், கதைநாயகி தன் தனிமையை விரும்பவும் செய்கிறாள், அஞ்சவும் செய்கிறாள். இந்தக் கருத்தைச் சிறப்பாக விளக்கும் மேற்கோள் எது? கீழே நான்கு மேற்கோள்கள். கவனியுங்கள், கருத்து ஏற்கெனவே தரப்பட்டுவிட்டது. நாவல் ஒரு வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. பிள்ளை செய்ய வேண்டியது, யாரோ எட்டிய முடிவுக்கு ஒரு மேற்கோள் பொறுக்குவது. 2016 வடிவத்தில் கருத்தும் சான்றும், நாலில் ஒன்று என்றாலும், வாசகனுடையவை. இதில் வாசகன் ஜூனியர் வக்கீல். கட்சிக்காரர் என்ன சொல்ல வேண்டும் என்பதை சீனியர் முடிவு செய்துவிட்டார். நீ போய்த் தோதான பக்கத்தில் அடையாளச் சீட்டு வைத்துவிட்டு வா.

தொலைவும் போய்விட்டது, அதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. எழுநூறு சொற்களில் பத்தாவது வரியில் ஒருவனை நல்லவன் என்று நினைப்போம். அறுபதாவது வரி அந்தப் பத்தாவது வரியின் பொருளையே மாற்றிவிடும். சான்று என்பது ஒரு வரியில் அசையாமல் கிடக்கும் பொருள் இல்லை. மற்ற வரிகள் வரவர அதன் எடை மாறும். நூறு சொற்களில் எதுவும் எதையும் மாற்ற நேரமில்லை. நம் உரையாசிரியர்கள் இந்தத் தொலைவை வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டார்கள். முல்லைப்பாட்டு 103 அடிகள்தான், பத்துப்பாட்டில் ஆகச் சிறியது. அதிலேயே அங்கங்கே தள்ளித் தள்ளி நிற்கும் அடிகளைப் பிடுங்கி ஒன்றோடொன்று மாட்டிப் பொருள் சொன்னார் நச்சினார்க்கினியர். பாட்டை இப்படிச் சிதைக்கக் கூடாது, அடிகள் நிற்கும் வரிசையிலேயே பொருள் ஓடுகிறது என்று 1903இல் தன் ஆராய்ச்சியுரையில் மறுத்தார் மறைமலையடிகள். இதில் நான் அடிகள் பக்கம். ஆனால் ஐந்தாவது அடிக்கும் எண்பதாவது அடிக்கும் உறவு உண்டா என்று கேட்கிற தைரியம் நச்சினார்க்கினியரிடம் இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கவாவது அத்தனை அடிகளையும் ஒரே மூச்சில் தலையில் வைத்திருக்க வேண்டும்.

தம்பிக்காரன் கெட்டிக்காரன். துண்டுகளைப் பிரமாதமாகச் செய்தான். ஒருநாள் சும்மா பார்க்கலாமே என்று பழைய அகிரா பகுதியை அனுப்பினேன். இரண்டாவது பத்தியில் நிறுத்திவிட்டு, "மாமா, கொஸ்டின் எங்க?" என்று கேட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். கேள்வி தெரியாமல் படிப்பது என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் காட்டியதில்லை. அக்காவுக்கு வித்தை சொல்லிக்கொடுத்த அதே மாமா உட்பட.

*

இடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் மாதிரி ஆகிவிடும். 2021இல் ஒரு தமிழ் நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். நல்ல வரவேற்பு. அக்கா அதைப் பெருமையாக வீட்டில் சத்தமாகப் படித்துக்காட்டியிருக்கிறாள். அடுத்த வாரம் பாப்பா கூப்பிட்டாள். கல்லூரிக்குப் போய்விட்டிருந்தாள் அப்போது.

"மாமா, அந்த ஆத்தருக்கு ஏழைகள் மேல ஆழ்ந்த பரிவு இருக்குன்னு எழுதியிருக்கீங்களே. எந்த வரியில இருக்கு?"

"அது ஒரு வரியில இருக்காது பாப்பா. நாவல் முழுக்க…"

"அதான் என்கிட்ட நீங்க ஒத்துக்கவே மாட்டீங்களே!"

நாவலை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி தேடினேன். ஏழைகள் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்தேன். அவர்கள் அழுகிறார்கள், நன்றி சொல்கிறார்கள், சாகிறார்கள். ஒரு இடத்திலாவது அவர்கள் நினைப்பது என்ன என்று ஆசிரியர் எழுதவில்லை. பரிவு நாவலில் இல்லை. அட்டையின் பின்பக்கத்தில் இருந்தது, அங்கிருந்துதான் என் கட்டுரைக்கு வந்திருக்கிறது. திருத்தம் ஒன்று எழுதி இதழுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. பிரிகாமுக்கு இருந்த அந்தக் கொஞ்சம் எனக்கு இல்லை.

ஆகவே நான் சான்றுக்கு எதிரானவன் அல்ல. எஸ்ஏடி கண்டுபிடித்த அந்த இரட்டைக் கேள்வியை ஒவ்வொரு தமிழ் மதிப்புரைக்கும் கீழே அச்சிட்டால்கூட எனக்குச் சம்மதம். நாலு சாய்ஸ் மட்டும் வேண்டாம்.

போன டிசம்பரில் பாப்பா சென்னைக்கு வந்திருந்தாள். மாம்பலத்தில் அவளுக்குச் செருப்பு வாங்கிவிட்டு ரயில்வே மேம்பாலத்தில் நடந்து வந்துகொண்டிருந்தோம். கூட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தவள் திரும்பி, "மாமா, அந்த அகிரா புக்கை லைப்ரரில எடுத்து முழுசாப் படிச்சேன்" என்றாள்.

"எப்போ?"

"செகண்ட் இயர்ல. அவங்க அமெரிக்கா போயிடறாங்க. அந்தப் பொண்ணு அங்கயே பிரசவத்துல செத்துப்போயிடறா. நவோமி."

நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் முதுகில் மோதி முறைத்துவிட்டுப் போனார். ஐந்து வருடத்தில் அந்த எழுநூறு சொற்களை முப்பது முறையாவது படித்திருப்பேன். அந்த அம்மா ஏன் அவ்வளவு தயங்குகிறாள் என்பதற்கு மாதிரித் தேர்வின் விடைக்குறிப்பு என்ன சொல்கிறது என்பதுகூட எனக்கு மனப்பாடம். நாவலைத் தேடிப் படிக்க வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

"அப்போ அவன் மிரட்டினான்னு நீ சொன்னது…"

"அதுவும் இருக்கு மாமா. ஆனா இப்போ படிச்சா அவன் பயந்துபோயிருக்கான்னு தோணுது. வரி காட்டட்டுமா?"

செருப்புப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரோரம் ஒதுங்கி, போனில் எடுத்து வைத்திருந்த அந்தப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.